14000, 15000: ஓர் இசைத்தட்டின் நிறக்கணக்கு

1920களில் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி இரண்டு வரிசையாக எண் போட்டுத் தட்டு விற்றது. கறுப்பர்கள் பாடிய தட்டுகளுக்கு 14000த்தில் தொடங்கும் எண்கள். தென்மாநிலத்து வெள்ளையர்கள் பாடிய நாட்டுப்புறத் தட்டுகளுக்கு 15000த்தில் தொடங்கும் எண்கள். முதல் வரிசைக்கு வியாபாரத்தில் 'இனத் தட்டு' என்று பெயர். இரண்டாவதை, பட்டிக்காட்டான் பாட்டு என்ற பொருளில், 'ஹில்பில்லி' என்றார்கள். ஒரே மாநிலம், ஒரே பருத்திக்காடு, பல சமயம் ஒரே மெட்டு. ஆனாலும் இரண்டு எண். பாட்டைக் கேட்டு எண் போடவில்லை, பாடினவன் தோலைப் பார்த்துப் போட்டார்கள். தமிழ் எம்.ஏ.வில் பாட்டைத் திணை, துறை என்று பிரித்துப் படித்துப் பழகிய எனக்கு, பாகுபடுத்துவது என்பதே ஒரு குற்றம்னு சொல்ல வராது. திணை நிலத்தை வைத்துப் பிரிக்கும். இது நிலத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு ஆளைப் பிரித்தது. கருவிக்கே சாதி வைத்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இந்த எண் கணக்கு எழுபது எண்பது வருசம் கழித்து என்ன ஆனது என்பதை ஓர் இசைத்தட்டை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். தட்டின் பெயர் 'நிக்சன்'. வெளிவந்தது 2000ஆம் வருசம் பிப்ரவரி. இசைத்தவர்கள் 'லாம்ப்சாப்' என்ற குழு. ஊர் டென்னசி மாநிலத்து நாஷ்வில், அதாவது கன்ட்ரி இசையின் தலைநகரம், வெள்ளைக்காரத் தென்பகுதியின் பாட்டுச் சந்தை.

லாம்ப்சாப் என்றால் ஆட்டு விலாக்கறித் துண்டு. இப்படிப் பேர் வைத்துக்கொண்டவர்கள் பளபளப்பான ஆட்களாக இருக்க மாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. பாட்டு எழுதிப் பாடுகிற கர்ட் வாக்னர் 1990களில் வீடுகளுக்கு மரத்தரை பாவி, தேய்த்து, மெருகு போடுகிற வேலை பார்த்தவர். மேடையில் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்தே பாடுவார். அவரைச் சுற்றி ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள்: பெடல் ஸ்டீல் கித்தார், பியானோ, ஆர்கன், சாக்ஸபோன், கார்னெட், வைப்ரஃபோன். 1994இல் வந்த முதல் தட்டில் ஒருவருடைய கருவிகளாக ஸ்பேனரையும் தின்னர் டப்பாவையும் குறிப்பிட்டிருந்தார்கள். பட்டறையில் கிடக்கிற சாமானுக்கும் வயலினுக்கும் ஒரே பந்தியில் இலை போட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இத்தனை பேர் சேர்ந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகும்னு எதிர்பார்ப்போம். இங்கே நேர் எதிர். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பது போல வாசிக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக. பியானோக்காரர் நாலு சுரம் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், அந்த இடத்தில் பெடல் ஸ்டீல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடங்குகிறது, அதற்கப்புறம் வயலின்கள் மெல்ல நுழைகின்றன. யாரும் 'சோலோ' என்று முன்னால் வந்து நிற்பதில்லை. வாக்னர் குரலும் முணுமுணுப்புதான். சில இடங்களில் வாக்கியத்தின் கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. பிரிட்டனின் 'அன்கட்' பத்திரிகை அந்த வருசத்தின் சிறந்த தட்டு என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

இந்தத் தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: கன்ட்ரி இசையோடு கறுப்பர்களின் 'சோல்' இசையை அழகாகக் கலந்திருக்கிறார்கள் என்று. அந்தக் 'கலந்து' என்கிற சொல்லில்தான் எனக்குச் சண்டை. தனித்தனியாக இருந்ததைத்தானே கலக்க முடியும்? தனித்தனியாக இருந்ததா, தனித்தனியாக வைக்கப்பட்டதா?

*

கன்ட்ரி இசையின் அடையாளமாகக் காட்டப்படும் பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி வந்த கருவி. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய கூத்துகளில்தான் அது பெருமளவில் அவர்கள் கைக்கு மாறியது. கன்ட்ரி இசையின் மாமன்னராகப் போற்றப்படும் ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது பாட்டும் கித்தாரும் கற்றுக்கொண்டது ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பரிடம்; அவர் அலபாமாவில் தெருவில் பாடிப் பிழைத்தவர். கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுச் சேகரிப்புப் பயணங்களில் கூடவே போய், மெட்டுகளை நினைவில் ஏற்றி வந்து கொடுத்தவர் லெஸ்லி ரிடில். அவரும் கறுப்பர். 1930இல் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடிய ஒரு பாட்டுக்கு ட்ரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். தட்டில் அவர் பெயரைப் போடவில்லை. ஸ்டூடியோவுக்குள் சேர்ந்து வாசிக்கலாம். வெளியே வருகிற காகிதத்தில் ஒருத்தர் பெயர்தான் இருக்கும்.

இந்த வரலாற்றில் நாஷ்வில்லுக்கென்று தனியாக ஒரு மனிதர் உண்டு. டிஃபோர்ட் பெய்லி. 1899இல் பிறந்தவர். மூன்று வயதில் போலியோ வந்து, உடம்பு சிறுத்துப்போனவர். படுக்கையில் கிடந்த காலத்தில் கையில் கிடைத்தது மவுத் ஆர்கன். ஓடுகிற ரயிலை அந்தச் சின்ன டப்பாவுக்குள் கொண்டுவந்துவிடுவார்: தூரத்தில் கேட்கிற விசில், பாலத்தில் ஏறும் தடதடப்பு, கடந்துபோய் அடங்குகிற மூச்சு.

நாஷ்வில்லில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி 1925இல் தொடங்கிய வானொலி நிலையம் டபிள்யூ.எஸ்.எம். சனிக்கிழமை ராத்திரி அதில் வருகிற கிராமியப் பாட்டு நிகழ்ச்சி பெரிய பிரபலம். 1927இல் ஒருநாள், முந்தின நிகழ்ச்சியில் மேல்தட்டு ஆப்பெரா இசை முடிந்ததும், இவர்கள் முறை வந்தது. பெய்லி தன் ரயில் பாட்டை வாசித்தார். அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, 'இதுவரை கிராண்ட் ஆப்பெரா கேட்டீர்கள், இனி கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பொருளில் கிண்டலாகச் சொல்ல, அதுவே நிகழ்ச்சிக்குப் பெயராக நிலைத்தது. இன்றைக்கும் கன்ட்ரி பாடகர்கள் கோயிலைப் போல நினைக்கிற அந்த மேடைக்குப் பெயர் விழுந்த ராத்திரியில் ஒலித்தது ஒரு கறுப்பரின் மூச்சு. 1928இல் விக்டர் கம்பெனி நாஷ்வில்லுக்கே வந்து பதிவு செய்த தொடக்ககாலத் தட்டுகளிலும் பெய்லியின் வாசிப்பு உண்டு.

ஊர் ஊராகப் போன கச்சேரிகளுக்குக் கூட்டம் சேர்க்கப் பெய்லி வேண்டும். கச்சேரி முடிந்து ராத்திரி தங்க வெள்ளையர் விடுதியில் அவருக்கு இடம் கிடையாது, சாப்பாட்டுக் கடையில் நாற்காலி கிடையாது. 1941இல் பாட்டு உரிமை குறித்து வானொலிக்காரர்களுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் தகராறு. பெய்லி வாசித்துப் பெயர்பெற்ற மெட்டுகளை ஒலிபரப்ப முடியாமல் போனது. அதோடு அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஹே எழுதிய சிறு நூலில் அதற்குக் காரணமாகச் சொன்னது: பெய்லி சோம்பேறி, புதுசாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். கூடவே 'அவருடைய இனத்தில் சிலரைப் போல' என்றும் ஒரு ஒட்டு. உழைக்கிறவனைச் சோம்பேறி என்று எழுதிவைக்கிற பழக்கம் எல்லா நாட்டு எழுத்தர்களுக்கும் உண்டு போலிருக்கிறது. பெய்லி அதே ஊரில் செருப்புக்குப் பாலிஷ் போடும் கடை வைத்துப் பல பத்தாண்டுகள் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல்.

*

அடுத்தது வயலின்களின் கதை. 'நிக்சன்' தட்டைக் கேட்டால் முதலில் மனசில் தங்குவது அவைதான் என்பதால் அவற்றின் பூர்வீகத்தையும் விசாரித்துவிட வேண்டும்.

1950களின் பின்பாதியில் ராக் அண்ட் ரோல் வந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது. நாஷ்வில் கம்பெனிகள் கலங்கிப்போயின. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிராமத்துக் கரகரப்பான ஃபிடில், பாஞ்சோவையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, வழவழப்பான வயலின் கூட்டத்தையும் பின்பாட்டுக் குழுவையும் சேர்த்தார்கள். இதற்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர். நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்குள் நுழைய, பட்டிக்காட்டான் போட்டுக்கொண்ட கோட்டு அது. அந்த ஊரில் வயலின் என்றால் கௌரவம் என்று அர்த்தமானது.

அதே உத்தியை ஒரு கறுப்பர் எடுத்துச் செய்தபோது என்ன நடந்தது? 1962இல் ரே சார்ல்ஸ் கன்ட்ரிப் பாட்டுகளை எடுத்து, வயலின்களும் கோரஸும் சேர்த்து ஒரு முழுத் தட்டு போட்டார். அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். நாடே கேட்டது. ஆனால் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரிப் பட்டியலில் அவர் இல்லை. பாட்டு கன்ட்ரி, பாடினவர் கன்ட்ரி இல்லை. 14000, 15000 கணக்குத்தான் இது. 1949இல் பில்போர்டு இரண்டு பட்டியலுக்கும் நாகரிகமாகப் புதுப்பெயர் வைத்திருந்தது: 'ரிதம் அண்ட் புளூஸ்', 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்'. பெயர்தான் மாறியது, வேலி அங்கேயே நின்றது. 1966இல் சார்லி பிரைட் என்ற கறுப்புப் பாடகரின் முதல் கன்ட்ரித் தட்டுகளை ஆர்.சி.ஏ. கம்பெனி வானொலிகளுக்கு அனுப்பியபோது கூடவே புகைப்படம் அனுப்பவில்லை. குரலை முதலில் உள்ளே விட்டுவிட்டு முகத்தை அப்புறம் காட்டலாம் என்று ஏற்பாடு. அவரே 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த வருசத்துக் கலைஞர் விருதை வாங்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கம், சிகாகோவில், வயலினை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார் கர்டிஸ் மேஃபீல்டு. ஏழைக் கறுப்பர்களின் குடியிருப்பில் வளர்ந்தவர். கள்ளத்தொண்டையில், காதோடு பேசுவது போலப் பாடுவார். 1960களில் குடியுரிமைப் போராட்ட ஊர்வலங்களில் அவர் பாட்டுகளைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். 1972இல் 'சூப்பர் ஃப்ளை' படத்துக்கு அவர் போட்ட இசையில் வயலின் உண்டு, ஹார்ப் உண்டு, அதன் மேலே போதைப்பொருளும் வறுமையும் தின்கிற தெருவின் கதை உண்டு. அவர் பாட்டில் வயலினுக்குக் கௌரவம் தேடுகிற வேலை இல்லை. சொல்ல வந்ததை நிதானமாக, தெளிவாகச் சொல்வதற்கான மூச்சு அது. 1990இல் புரூக்ளினில் ஒரு மேடையில் விளக்குக் கட்டுமானம் சரிந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். அப்படியும் மல்லாந்து படுத்தபடி ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்து 1996இல் ஒரு தட்டு கொண்டுவந்தார். 1999 டிசம்பர் 26இல் காலமானார்.

ஒடுக்கப்பட்டவர் குரல் என்றால் உரத்துத்தான் இருக்கணும்னு ஒரு எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் இருக்கிறது. நான் கூட்டங்களில் மெதுவாகப் பேசுகிற ஆள். பின்வரிசையிலிருந்து 'சத்தம் பத்தல தோழர்'னு குரல் வரும், மைக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று புரியும். நம்மிடம் கோபம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் பேச்சுக்கு மதிப்பு. மேஃபீல்டு இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. மெதுவாகப் பேசுவது பணிந்துபோவது என்ற சமன்பாட்டை அவர் பாட்டுப் பாட்டாக உடைத்தார்.

*

இப்போது 'நிக்சன்' தட்டுக்குத் திரும்பலாம். மேஃபீல்டு இறந்து இரண்டு மாதத்துக்குள் அது வெளிவந்தது. வாக்னருக்கு அவர்மீது இருந்த பற்று திடீரென்று வந்ததில்லை. 1998இல் வந்த முந்தைய தட்டிலேயே 'சூப்பர் ஃப்ளை'யிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாடியிருந்தார்கள். இந்தத் தட்டில், அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த தரைவேலைக்காரர், 'யூ மாஸ்குலின் யூ', 'வாட் எல்ஸ் குட் இட் பி' போன்ற பாட்டுகளில் திடீரென்று கள்ளத்தொண்டைக்குப் போகிறார். அவர் குரல் அங்கே சுகமாக இல்லை, உடைகிறது. அந்த உடைசலை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். மேஃபீல்டைப் போலப் பாடிவிட்டோம் என்ற திமிர் அதில் இல்லை. இன்னொருவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறவரின் கூச்சம் இருக்கிறது. 'அப் வித் பீப்பிள்' என்ற பாட்டில் கைதட்டும் கோரஸும் கொம்பு வாத்தியங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. கறுப்பர் தேவாலயத்திலிருந்து வந்த கட்டுமானம் அது. நாஷ்வில் ஸ்டூடியோக்களில் வேலை பார்த்துத் தேறிய மார்க் நெவர்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் இந்தக் குழுவில் ஒருவர். ஊரின் வயலின் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்யும் என்று உள்ளிருந்து தெரிந்தவர்கள்தான் அதை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.

கடைசிப் பாட்டு ஒரு பழைய நாட்டுப்புறக் கதைப்பாட்டு, 'கசாப்புக்காரப் பையன்'. காதலன் கைவிட்டதால் தூக்கிட்டுச் செத்துப்போன பெண்ணின் கதை. கடல் கடந்து பிரிட்டனிலிருந்து வந்தது. கென்டக்கியின் புவெல் கேஸி 1928இல் பாஞ்சோவோடு இதைப் பதிவு செய்திருக்கிறார். அதாவது, கம்பெனி எதுவானாலும், வெள்ளையர் வரிசைச் சரக்கு. நடுவில் கறுப்பர் வரிசை, முடிவில் வெள்ளையர் வரிசை, இரண்டும் ஒரே தட்டில், ஒரே ஆட்கள் கையில். ஆக இங்கே நடந்தது கலப்பு இல்லை. 1920களில் ஒரு கம்பெனிக் குமாஸ்தா பிரித்து எழுதிய பேரேட்டை, ஒரு தரைவேலைக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் மறுபடி ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள்.

பெயர் ஏன் 'நிக்சன்'? பாட்டுகளில் அந்த ஜனாதிபதியைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஆனால் உறையோடு அவரைப் பற்றிய வாசிப்புப் பட்டியல் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார்கள். படிக்கச் சொன்னால் படித்துவிட வேண்டியதுதானே. 1968 தேர்தலில் குடியுரிமைப் போராட்டத்தின்மீது எரிச்சல்பட்ட தென்மாநில வெள்ளையர்களைத் தன் பக்கம் இழுத்த அரசியல் நிக்சனுடையது. கன்ட்ரி இசையை அந்த மக்களின் மொழியாகப் பார்த்தார். 1970 ஏப்ரலில் ஜானி கேஷ் வெள்ளை மாளிகையில் பாட வந்தபோது, அங்கிருந்து கேட்கப்பட்ட பாட்டுகளில் ஒன்று 'வெல்ஃபேர் காடிலாக்'. அரசு உதவிப்பணம் வாங்குகிற ஏழையைச் சொகுசுக் கார்க்காரனாகக் கேலி செய்கிற பாட்டு. கேஷ் அதைப் பாடவில்லை. 1974 மார்ச் 16இல் கிராண்ட் ஓல் ஆப்ரியின் புதுக் கட்டடம் திறந்தபோது நிக்சன் நேரில் வந்து பியானோ வாசித்தார். ராய் ஏகஃப் கற்றுக்கொடுக்க, மேடையில் யோயோ ஆட்டினார். ஐந்தாவது மாதம் பதவியை விட்டு ஓட வேண்டியதாயிற்று. ஆப்ரிக்குப் பெயர் விழுந்த ராத்திரி வாசித்த பெய்லி அந்த 1974இல் உயிரோடு, அதே ஊரில் இருந்தார். யாரை மேடையேற்றினார்கள், யாரை இறக்கினார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

இதையெல்லாம் நினைத்துத்தான் வாக்னர் பெயர் வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊரில் அந்தப் பெயரை ஒரு தட்டின் நெற்றியில் ஒட்டினால் இந்த வரலாறு தானாக எழுந்து வந்துவிடும். அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கேள்வி, இதைத் தாண்டிப் போக முடியாது. வெள்ளைக்காரர் ஒருவர் மேஃபீல்டின் மூச்சைக் கடன் வாங்கிப் பாடினால் வருசத்தின் சிறந்த தட்டு. கன்ட்ரி பாடுகிற கறுப்பர்களுக்கு? 2019இல் லில் நாஸ் எக்ஸின் பாட்டை பில்போர்டு தன் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2024இல் பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' போட்டபோது கன்ட்ரி இசைச் சங்கம் அதை ஒரு விருதுக்கும் முன்மொழியவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமி அதற்குச் சிறந்த கன்ட்ரித் தட்டு விருதைக் கொடுத்தது. ஒரு கறுப்புக் கலைஞர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. லாம்ப்சாப்பின் தட்டு இந்த அநீதியைச் சரிசெய்துவிடவில்லை, ஒரு தட்டால் அது முடியவும் முடியாது. கடன் வாங்கினவர் கடனை ஒப்புக்கொள்வது ஒரு காரியம், கடன் கொடுத்தவருக்கு நாற்காலி போடுவது வேறு காரியம். முதலாவது இந்தத் தட்டில் இருக்கிறது. இரண்டாவது நாஷ்வில் செய்ய வேண்டியது.

இருந்தும் இதைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். தனியாகக் கேட்க வேண்டாம். பெய்லியின் 1928 தட்டை முதலில், அடுத்து ரே சார்ல்ஸின் 1962, மேஃபீல்டின் 1972, அதற்குப் பின் இந்த 2000. இந்த வரிசையில் கேட்டால் எது யாரிடமிருந்து வந்தது என்பது காதுக்கே தெரிந்துவிடும். கம்பெனிக்காரர்கள் எண் போட்ட வரிசை இது இல்லை.